ஒன்பது தடவை முயன்றவர்

"ஒரு போட்டோ போட இப்ப நாலு பக்கம் நிரப்பணும் சார். நான் அதை ஒரே பக்கமா சுருக்கியிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே மாத்திடலாம்" என்றாள் விசாலாட்சி.

காரைக்காலின் பழைய புகைப்படங்களைச் சேர்க்கும் மின்நூலகத்துக்கு அவள்தான் மென்பொருள் எழுதுகிறாள். அந்த நாலு பக்கங்களையும் யோசித்து யோசித்து அமைத்தவர் நூலகர் சிவநாதன். அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார்.

"தொகுப்பு, பொருள், பிரதி, கோப்புன்னு நாலு அடுக்கு இருந்தாத்தாம்மா ஒழுங்கு. ஆர்வம் இருக்கிறவங்க நிரப்புவாங்க."

"ஒருத்தங்க ஒரே போட்டோவை ஒன்பது தடவை போடப் பார்த்திருக்காங்க சார். ஒன்பது தடவையும் மூணாவது பக்கத்துலயே விட்டுட்டாங்க."

"சரியான மக்கு போலிருக்கே!" சிவநாதன் சிரித்தார். "நம்பர் இருந்தா போடுங்கம்மா, நானே சொல்லித் தர்றேன்."

பதிவில் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. விசாலாட்சி அலுவலக போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கங்க, மின்நூலகத்துலேருந்து பேசுறேன். நீங்க ஒரு போட்டோ..."

"அட, நல்லவேளை கூப்பிட்டீங்க!" என்றது ஒரு பெண் குரல். "எங்க வீட்டுக்காரரு சிவநாதன்தான் அங்க லைப்ரேரியன். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எடுத்த போட்டோ அது. ரிட்டயர் ஆகுற அன்னைக்கு அங்கயே பார்த்து அசந்து போகட்டும்னு நினைச்சேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

சிவநாதன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்ல மாட்டேங்க. சாயந்திரம் போட்டுப் பாருங்க, சுலபமா இருக்கும்" என்று விசாலாட்சி போனை வைத்தாள்.

"உடனே மாத்துங்கம்மா" என்றார் சிவநாதன், கண்ணைத் துடைத்தபடி. "ஆனா அடுத்த வாரம் வரைக்கும் அந்த போட்டோவை என் கண்ணுல காட்டிடாதீங்க."