பந்து போடுறவனுக்கு மட்டை எதற்கு?

“அண்ணாச்சி, மட்டைய கீழ வையிங்க. மேனேஜர மூணே பந்துல வெளியேத்துனது பத்தாதா?”

கூட வேலை பார்க்கும் ஜெயசீலன் கையைப் பிடித்து இழுத்தான். ஏரம்பு அசைவதாக இல்லை. சாவகச்சேரியில் பிறந்து, ஓமானின் சோஹார் துறைமுகத்தில் பதினொரு வருடம் கிரேன் ஓட்டி முறுக்கேறிய உடம்பு. அதை இழுக்க இன்னொரு கிரேன்தான் வரவேண்டும்.

“கையை எடு தம்பி. இண்டைக்கு நான் அடிக்கிறன்.”

“உங்க தாளு அவரு தோல்பையில கெடக்குங்கிறத மறந்துட்டியளா? உங்க மக கஜந்தி கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. அவரு கையெழுத்துப் போடலன்னா என்ன செய்விய?”

“அந்தக் கையெழுத்தை நினைச்சு நினைச்சுத்தான் நித்திரையில்லாமல் கிடக்கிறன்,” என்றார் ஏரம்பு. சொல்லிவிட்டு மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டார்.

அது கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம். மேனேஜர் சோய் தும்மினால்கூட தொழிலாளர் கேம்ப்பில் முன்னூறு பேரும் ஐந்து மொழிகளில் வாழ்த்தினார்கள். கொரியாவை விட்டு வந்த துக்கத்தை அவருக்கு ஆற்றியது ஒன்றே ஒன்று, பேஸ்பால். கேம்ப்புக்குப் பின்னால் மணலில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, வெள்ளிக்கிழமை காலைதோறும் ஆபீஸ் அணிக்கும் யார்டு அணிக்கும் ஆட்டம் வைப்பார். ஆபீஸ் அணிக்குப் பந்து போடுபவர் அவர்தான். அதிகமாக அடிப்பவரும் அவர்தான். பந்து போடுபவனுக்கு அடிக்க வராது, இரண்டும் வருகிறவன் லட்சத்தில் ஒருவன் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த ஒருவன் யார் என்று கேட்குமளவுக்கு அங்கே யாருக்கும் வேலை சலித்துவிடவில்லை.

யார்டு அணிக்கு ஏழு வருடமாகப் பந்து போடுபவர் ஏரம்பு. பிள்ளைக்குக் குழைத்த சோறு ஊட்டுகிற பதத்தில் பந்து மேனேஜரின் வயிற்றுக்கு நேரே போய் நிற்கும். அவர் ஓங்கி ஓர் அறை விடுவார். கேம்ப் கைதட்டும். ஏரம்புவின் முறை வந்தால் அவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிப்பார். அதுதான் சட்டம்.

இன்றோ அதே ஏரம்பு போட்ட மூன்று பந்தும் மேனேஜருக்குச் சவரம் செய்துவிட்டுப் போயின. போதாததற்கு இப்போது மட்டையும் கையுமாக நின்றார்.

சோய் நடுவில் இருந்து நடந்து வந்தார். “ஏரம்பு, யூ பிட்சர். பேட் மாஃபி.” பந்து போடுபவனுக்கு மட்டை கிடையாது என்று விரலை ஆட்டினார்.

“யூ ஆல்ஸோ பிட்சர், சார். யூ பேட்.”

மைதானம் மூச்சை அடக்கியது. துறைமுகத்தில் ஊதிக்கொண்டிருந்த கப்பல்கூட பாதி ஊதலை விழுங்கிக்கொண்டது. கன்டெய்னர் மேல் உட்கார்ந்திருந்த பஞ்சாபிக்காரர் ஒருவர், “பாத் சஹி ஹை”, பேச்சு நியாயம்தான் என்றார் மெதுவாக. முன்னூறு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே அதை முணுமுணுத்தார்கள்.

சோய் சிரித்தார். ஆளைச் சந்தி சிரிக்க வைக்க முடிவுசெய்தவரின் சிரிப்பு. “ஓகே. த்ரீ பால்.”

முதல் பந்து வந்தது. ஏரம்பு அடித்தது காற்றை. ஆபீஸ் அணி சிரித்தது. இரண்டாவதும் காற்றுதான். இந்த முறை டீ கொண்டு வந்தவர்கூடச் சிரித்தார்.

“மூணாவதையும் விட்டுட்டு வந்துருங்க அண்ணாச்சி,” ஜெயசீலன் கெஞ்சினான். “மானம் போனாலும் தாளு பொழைக்கும்.”

ஏரம்பு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “எங்கட ஊரில எல்லே எண்டு ஒரு விளையாட்டு. தடியால அடிக்கிறது. நான் அடிச்ச பந்தைத் தேடிப் போனவங்கள் இன்னும் வீட்டை வந்து சேரேல்லை.”

மூன்றாவது பந்து வந்தது.

அடி விழுந்த சத்தத்தில் கேம்ப் சமையலறையில் சட்டிகள் உட்கார்ந்து எழுந்தன. பந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது. கடற்பறவைகள் ஒதுங்கி வழிவிட்டன. அக்கரையில் ஈரான் மீனவர் ஒருவர் இன்னமும் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருப்பதாகக் கேம்ப்பில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஏரம்பு ஓடவில்லை. வெறுங்காலோடு, மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்றையும் இலவசமாகச் சுற்றினார். மேனேஜரைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

“பிட்சர், சார். ஒன்லி பிட்சர்.”

முன்னூறு பேர் சிரித்தார்கள். ஏழு வருடச் சிரிப்பு.

சோயின் முகம் செம்பருத்தி நிறத்துக்குப் போனது. கையுறையைக் கழற்றி மணலில் வீசினார். காருக்குப் போய்த் தோல்பையைத் திறந்தார். ஏரம்புவின் தாளைப் பானெட்டின் மேல் வைத்து, பேனா முறிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதை ஏரம்புவின் காலடியில் எறிந்தார்.

“யூ ஃபினிஷ். கோ ஹோம். கலாஸ்.”

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“போச்சு,” என்று மணலில் உட்கார்ந்துவிட்டான் ஜெயசீலன். “ஒரு அடிக்கு ஆசப்பட்டு வேலைய தொலச்சிட்டியளே. புதுப்பிக்க மாட்டேன்னு எழுதிட்டாருபோல.” அழாத குறையாகத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தவன், பாதியில் நிமிர்ந்தான்.

“அண்ணாச்சி, இது நீங்க எழுதுன ராஜினாமால்லா?”

“ஓம் தம்பி, நாலாவது,” என்றார் ஏரம்பு, தாளை வாங்கிப் பத்திரமாக மடித்துக்கொண்டே. “மகளின்ர கலியாணத்துக்குப் போகோணும், விடுங்கோ எண்டு கேட்டன். முதல் மூண்டையும் கிழிச்சுப் போட்டவர், உன்னைப்போல எனக்கு வசதியாப் பந்து போட வேற ஆளில்லை எண்டு.”