சுவரில் ஒட்டிய நன்றி

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு முதியவரைப் பராமரிக்கப் போன முதல் நாளே, அந்த வீட்டார் தன்னை அழைத்த ‘தெசோரோ’ என்ற சொல்லை யசோமலர் இத்தாலிய-ஆங்கிலக் கையேட்டில் தேடினாள். பொக்கிஷம் என்றிருந்தது. “அம்மா கூட என்னை இப்பிடிக் கூப்பிட்டதில்லை அக்கா” என்று யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

எட்டு வருடம் அவருடைய மலசலம் அள்ளினாள். அவர் இறந்த மறுநாள், அந்த ஊர் வழக்கப்படி, மரண அறிவித்தலைத் தெருச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதன் அடியில் குடும்பத்தார் நன்றி சொல்லியிருந்தார்கள். வைத்தியருக்கு முழுப்பெயர். ஊசி போட நாலு தரம் வந்துபோன தாதிக்கும் முழுப்பெயர். கடைசியில், ‘எங்கள் தெசோரோவுக்கும்.’

பசை இன்னும் காயவில்லை. தொலைபேசியில் அக்காவிடம் அந்த அறிவித்தலைப் பற்றிச் சொன்னாள். அக்கா கேட்டாள்: “உன்ர பேரையும் போட்டிருக்கினமோ?”

“ஓம் அக்கா. வடிவாப் போட்டிருக்கினம்.”