மிச்சமிருந்த நிழல்

ஆப்பிரிக்காவில் தெனேயின் ஊருக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறியது, ரயில் மாறவில்லை. ஊரின் இரும்பு மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலில் கொண்டுபோய் ஏற்றியது. கடைசிக் கல்லும் கடல் தாண்டிய பிறகும், சாயங்காலமானால் மலையின் நிழல் மட்டும் தவறாமல் ஊர்மேல் வந்து படுத்தது. பெண்கள் உரலைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்த்தான் கம்பு இடிப்பார்கள்.

சுரங்கத்தை மூட வந்த வெள்ளைக்கார அதிகாரி வெயிலில் நின்றார். விருந்தாளியை அப்படி விடுவது அங்கே வழக்கமில்லை.

"ஏன் வேகுறீங்க? மலை நிழலுக்கு வாங்கய்யா" என்று தெனே முக்காலி போட்டாள்.

உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்த்தார். வெறும் வானம். உடம்போ குளிர்ந்தது. சற்று நேரம் கண்மூடி இருந்தவர், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நிழலின் ஓரத்தில் நீட்டினார்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா."

விருந்தாளி கேட்டதால் தெனே பிடித்துக்கொண்டாள்.