மேலே வந்த நேரம்

செத்தவருக்கு நேரம் போட மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். சங்கு குளிக்கிறவர்கள் கடலில் இறங்கிய நேரம், மேலே வந்த நேரம் இரண்டும் எங்கள் சங்கத்து வெப்சைட்டில் ஏறும். போன மாதம் இறங்கிய கஸ்பார் மேலே வரவே இல்லை. அந்தக் கட்டம் காலியாகக் கிடந்ததால் பக்கமே திறக்கவில்லை.

"எதையாவது போட்டுத் தொலைலே! இனிமே காலியா விட்டா ஏத்துக்காதபடி பண்ணிரு," என்று மேனேஜர் கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு 11:40 என்று போட்டேன்; காலியாக விட்டால் ஏற்காதபடியும் எழுதி வைத்தேன். பக்கம் திறந்தது.

மறுநாள் காலை கஸ்பாரின் மனைவி ரொசாலி வந்து மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

"அவரு மேல வந்துட்டாருன்னு எழுதுனது யாருலே? நேத்து வந்து வீட்டுல உக்காந்தவரு எந்திரிக்கல. வாயத் திறந்தா கடல்தண்ணிதான் வருது. பிள்ளைக அலறுதுக. அழிலே அத!"

மேனேஜரைத் திட்டியபடியே 11:40ஐ அழித்தேன். நான் எழுதி வைத்த வரியே சிவப்பில் வந்தது: 'மேலே வந்த நேரம் காலியாக இருக்கக் கூடாது.'