மாடத்தியின் முளைப்பாரி

மாரியம்மன் பொங்கல் வந்தால் மாடத்தியின் முளைப்பாரியைத்தான் ராஜபாளையத்தில் அந்தத் தெருவே மெச்சும். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்க்கு வயிறு பற்றி எரியும்.

எண்பத்தேழாம் வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாடத்தி மண் நிரப்பி வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போன சமயம், சட்டியைக் கவிழ்த்துவிட்டு, புல்கூட முளைக்காத மண்ணாகப் பார்த்து நிரப்பி, மேலே எருவைத் தூவிவிட்டாள்.

பொங்கலன்று எல்லார் சட்டியிலும் பயிர் சாண் உயரம் நின்றது. மாடத்தி விதைத்ததில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை.

"ஆத்தாளுக்கு எம்மேல என்ன கோவமோ, மைனி!"

"மனசு சுத்தமா இருந்தாத்தான முளைக்கும்?" என்றாள் வெள்ளத்தாய்.

மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது கெடக்கட்டும். உங்க மக செல்லக்கனிக்கு வயித்துவலி தேவலையா? பிள்ள எம்புட்டு வெளுத்துப்போச்சு!"

'எல்லாம் உன் கண்ணுதாண்டி' என்று மனசுக்குள் கருவிக்கொண்டே வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, செல்லக்கனி!"

கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில், ஒரு குழிக்குள் உட்கார்ந்து பிள்ளை மண் தின்றுகொண்டிருந்தது.

மாடத்தியின் சட்டிக்கென்று வெள்ளத்தாய் தோண்டிய குழி.

ஓடிப்போய்ப் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள்.