கணக்கில் வராதவள்

"உங்க வாட்ச் போடற கணக்குல நான் இருக்கேனாண்ணா?" என்று எதிர்வீட்டு ஷிஃபா ஒருமுறை கபிலனிடம் கேட்டாள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த அந்தச் சிறுமிக்குக் கோவிட் தொற்றினால் தாங்காது. உடல்நிலையைக் கணித்து ஆலோசனை சொல்லும் கபிலனின் கைக்கடிகாரமோ, கோவிட் தடுப்பூசியால் அவனுக்கு என்ன லாபம் என்று மட்டுமே பார்த்துப் பருவந்தோறும் 'தேவையில்லை' என்றது. இளவட்டங்கள் அந்தச் சொல்லைப் பதக்கம்போல் காட்டித் திரிந்தார்கள். தன்னலத்துக்கு இத்தனை பெருமிதம்!

"ஊசியா? அது கிழவங்களுக்கு. அப்படியே பென்ஷனுக்கும் எழுதிப் போடு மச்சி," என்றான் அறைத்தோழன் டெரிக், கபிலன் ஊசி போடலாமா என்று பேச்செடுத்தபோது.

முன்பு கபிலன் காய்ச்சலில் கிடந்தபோது டெரிக் ஊருக்கு ஓடிவிட்டான். ஷிஃபாவின் அம்மாதான் தினமும் வாசலில் கஞ்சி வைத்துப்போனாள்.

டெரிக் கிண்டலடித்த மறுநாள் கபிலன் தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டான். கை ஏன் வீங்கியிருக்கிறது என்று டெரிக் கேட்டதற்கு, ஜிம்மில் பளு தூக்கியதால் என்றான்.