செயின் போட வந்தவர்

"டைமிங் பெல்ட்டை எடுத்துட்டு செயின் போடணும் உஸ்தா. முடியுமா?"

"முடியும் ஹாஜி. என்ஜின் முன்பக்கத்தையே மாத்தணும், ரெண்டு நாள் ஆகும்" என்றான் மெக்கானிக் கொபாத்.

கார் சாவியை மேசையில் வைத்த பெரியவர் கிளம்பவில்லை. சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சியபடி பட்டறையைக் கண்ணால் அளந்தார்.

"கடை சொந்தமா?"

கொபாத்துக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் இஸ்ஃபஹானின் அந்தப் பட்டறைத் தெருவுக்கு வரி அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி வந்து, பக்கத்துக் கடைக்காரனின் வாயைக் கிளறிவிட்டுப் போயிருந்தார்.

"நமக்கேது ஹாஜி? கூலிக்கு வேலை பாக்கறேன்."

"வீடு?"

"வாடகைதான். அதையும் காலி பண்ணச் சொல்றாங்க."

"வேலை நிறைய வருதா?"

"எங்க வருது? பாதி நாள் ஈ ஓட்டறேன்."

"பெல்ட்டே இருந்துட்டுப் போகட்டுமேன்னு என் வீட்டுக்காரி சொல்றா."

"பெல்ட் சொல்லாம கொள்ளாம அறுந்துரும் ஹாஜி. செயின் தேஞ்சா முன்கூட்டியே சத்தம் குடுக்கும்."

பெரியவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"உங்கம்மா எங்க வீட்டுக்குப் போன் பண்ணி, பையனுக்குச் சொந்தக் கடை, சொந்த வீடுன்னு சொன்னாங்க. நான் மஹ்தாவோட அப்பா. வியாழக்கிழமை பொண்ணு பாக்க வர வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லிரு."

கொபாத் அவசரமாக அவர் வழியை மறித்தான்.

"ஹாஜி, கடை என்னுதுதான், வீடும் என்னுதுதான். நீங்க வரி ஆபீஸ்னு நினைச்சுப் பொய் சொல்லிட்டேன்."

பெரியவர் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நல்லவேளை தம்பி, அறுந்து போறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுருச்சு."